விடுமுறை வீட்டில் அடுப்படி யாருக்கு?

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் மாநிலத்தின் சபாக் பெர்ணம் மாவட்டத்தில் உள்ளது செகிஞ்சான். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் வயல்கள். மறு பக்கம் மீனவர் குடியிருப்பு. ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும் அவ்வூரில், வயலோரம் அமைந்த சிறு வீடுகள் வார இறுதியில் வாடகைக்கு விடப்படுகின்றன. ஒரு படுக்கையறை, ஒரு திண்ணை, ஒரு சிறிய சமையலறை. நகரத்தின் பரபரப்பிலிருந்து விலகி இரண்டு நாள் ஓய்வெடுக்க விரும்பும் தம்பதியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மலேசியர் பலர் இத்தகைய வீட்டையும் ‘ஹோம்ஸ்டே’ என்றே அழைக்கின்றனர். உண்மையில், இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. 1995ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் தெமர்லோவில் உள்ள டேசா முர்னியில் தொடங்கப்பட்ட ஹோம்ஸ்டே திட்டத்தில், விருந்தினர் கிராமத்துக் குடும்பத்தோடு தங்குவர். அக்குடும்பத்தாரே அவர்களுக்கு உணவளிப்பர். வாடகை வீட்டிலோ சாவி மட்டுமே கைக்கு வரும். அடுப்பு இருக்கும், சமைப்பவர் இருக்கமாட்டார். தங்குவோரே சமைத்து, பாத்திரம் கழுவி, வீட்டைக் கூட்டி, குப்பையைக் கட்டி வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

இவ்விடத்தில்தான் ஒரு கேள்வி எழுகிறது. அந்தச் சமையலறையில் நிற்கப்போவது யார்?

வேலைக்குச் செல்லும் ஓர் இளந்தம்பதியைக் கற்பனை செய்து பார்க்கலாம். விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே மனைவியின் மனத்தில் ஒரு பட்டியல் ஓடத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், எண்ணெய், உப்பு, புளி, ஊறுகாய் என ஒவ்வொன்றாகச் சிறு புட்டிகளில் நிரப்புகிறார். அங்குக் கத்தி கூர்மையாக இருக்குமோ என்ற ஐயத்தில் கத்தியையும் எடுத்து வைக்கிறார். நெல் விளையும் ஊருக்கு நகரத்துப் பேரங்காடியில் வாங்கிய அரிசியும் பயணமாகிறது. மறுநாள் காலை, கணவர் திண்ணையில் அமர்ந்து வயலில் இறங்கும் கொக்குகளைத் திறன்பேசியில் படமெடுக்கிறார். மனைவி சமையலறைச் சன்னல் வழியே அதே வயலைப் பார்த்தவாறு பாத்திரம் துலக்குகிறார். பசியாறி முடிந்ததும் மதிய உணவைப் பற்றிய சிந்தனை. அது முடிந்ததும் இரவு உணவு. இரண்டு நாள் கழித்து இருவரும் வீடு திரும்புகின்றனர். ஒருவர் ஓய்வெடுத்துத் திரும்புகிறார். மற்றவர் அடுப்படியை இடம் மாற்றிவிட்டுத் திரும்புகிறார்.

இதை வெறும் சோம்பலாகக் கருதிக் கணவரை மட்டும் குறைகூறிவிட முடியாது. இது தலைமுறை தலைமுறையாக ஊறிவிட்ட பழக்கம். அலுவலக வேலைக்குக் கணக்கு உண்டு. திருத்தப்பட்ட 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து வாரத்தின் உச்ச வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. குழந்தை பிறந்தால் தந்தைக்கு 7 நாள் விடுப்பு வழங்கவும் வகை செய்தது. பொறுப்பு இருவருக்கும் உரியது என்பதைச் சட்டமே உணர்த்தத் தொடங்கிவிட்டது. ஆனால், அடுப்படியில் கழியும் நேரத்தை எந்தச் சட்டமும் அளப்பதில்லை. அதை வீட்டில் உள்ளவர்கள்தாம் அளந்து பார்க்க வேண்டும்.

இக்கருத்தை மறுப்போரும் உளர். சமைப்பது சிலருக்கு மகிழ்ச்சி என்பர். உண்மைதான். ஆயினும், விரும்பிச் சமைப்பது வேறு. வேறு யாரும் சமைக்கமாட்டார் என்பதால் சமைப்பது வேறு. கணவர்தானே நெடுந்தூரம் மகிழுந்து ஓட்டுகிறார் என்றும் சிலர் கேட்கலாம். வண்டி ஓட்டும் வேலை ஊர் சேர்ந்ததும் முடிந்துவிடுகிறது. சமையல் வேலையோ நாளுக்கு மூன்று முறை வந்து நிற்கிறது. வெளியில் உண்பதைவிட வீட்டில் சமைத்தால் செலவு குறையும் என்ற வாதமும் நியாயமானதே. ஆனால், சேமித்த பணம் இருவருடையது. செலவான உழைப்பு ஒருவருடையது. இது சரியான கணக்காகுமா?

‘எனக்குச் சமைக்கத் தெரியாது’ என்பது இன்னொரு காரணம். தெரியாததைக் கற்றுக்கொள்ள விடுமுறையைவிட நல்ல நேரம் இல்லை. அலுவலகத்திற்கு ஓட வேண்டியதில்லை. சோறு சற்றுக் குழைந்தாலும் குறைகூற விருந்தினர் இல்லை. காலையில் அங்காடிக்குச் சென்று மீன் வாங்கலாம். எந்த மீன் குழம்புக்கு ஏற்றது, எது பொரிக்க ஏற்றது என மீன் விற்பவரிடமே கேட்டறியலாம். அவ்வூரில் விளைந்த அரிசியையே வாங்கிச் சமைக்கலாம். இதனால், கிராமத்து வணிகருக்கும் வருமானம் கிட்டும். தம்பதியருக்கும் அவ்வூரோடு ஓர் உறவு ஏற்படும். வீட்டிலிருந்து மூட்டை கட்டிச் செல்லும் சுமையும் குறையும்.

எனினும், கரண்டியைக் கையில் பிடிப்பது மட்டும் பகிர்வு ஆகாது. என்ன சமைப்பது, எது தீர்ந்துவிட்டது, எதை முதலில் ஊற வைப்பது என்று எண்ணிப் பார்ப்பதும் வேலையே. ‘நான் என்ன உதவி செய்யட்டும்?’ என்று கேட்பவர், அந்த வேலை தம்முடையதன்று என்றே இன்னும் நினைக்கிறார். ‘நாளைய பசியாறலை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரே பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிறார். புறப்படுவதற்கு முன்பே இருவரும் அமர்ந்து பேசி, ஒரு வேளையை ஒருவர், மறு வேளையை மற்றவர் என ஏற்றுக்கொள்ளலாம். ஒருவர் சமைத்தால் மற்றவர் பாத்திரம் கழுவலாம். ஒரு வேளையாவது ஊர்க் கடையில் உண்டு, அடுப்புக்கும் ஓய்வு கொடுக்கலாம்.

இப்படிக் கழியும் இரண்டு நாள், இரண்டு நாளோடு முடிந்துவிடாது. விடுமுறை வீட்டில் ஒருமுறை குழம்பு வைத்துப் பழகிய கை, சொந்த வீட்டிலும் அடுப்பைப் பற்ற வைக்கத் தயங்காது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள், அடுப்படி அம்மாவுக்கு மட்டுமே உரிய இடம் என்று எண்ணமாட்டார்கள்.

தமிழில் ‘வாழ்க்கைத்துணை’ என்னும் சொல் கணவனுக்கும் பொருந்தும், மனைவிக்கும் பொருந்தும். ஒருவர் உழைக்க மற்றவர் ஓய்வெடுப்பது துணையாகாது. ஆகவே, விடுமுறைக்கு வீடு தேடுவோர் அறை எத்தனை, வாடகை எவ்வளவு என்று பார்ப்பதோடு நில்லாமல், அங்குள்ள அடுப்படியில் யார் யார் நிற்பது என்பதையும் முடிவு செய்துகொண்டு புறப்பட வேண்டும். திண்ணையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் ஆள் அமர்ந்தால்தான் அது தம்பதியரின் விடுமுறை.