காக்கையின் செலவுக் கணக்கு

சித்திரை, வைகாசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வேப்பமரங்களை அண்ணாந்து பாருங்கள். காக்கைக் கூட்டில் சுள்ளியோடு பட்டறைக் கம்பித் துண்டுகளும் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டில்தான் குயில் நைசாக முட்டையிட்டுப் போகும். ஏமாளிக் காக்கை என்று நாம் சிரிக்கிறோம்; குயில் எதை மிச்சம் பிடிக்கிறது என்று கேட்பதில்லை. குஞ்சுக்கு இரை தேடி நாளெல்லாம் பறக்கிற உடலில் செல்கள் கூடுதல் ஆற்றலை உண்டாக்க வேண்டும். அப்போது உடன்விளைவாகக் கிளம்பும் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என எதையும் விட்டுவைப்பதில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கூடுதல் குஞ்சுகளை வளர்க்க வைத்த ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிகளின் சிவப்பணுக்களுக்கு இந்தத் தாக்குதலைத் தாங்கும் திறன் குறைந்திருந்தது. அதற்காக, தாய்மை உடலை உருக்குகிறது என்று உடனே வசனம் பேசிவிட வேண்டாம். உகாண்டாவின் வரிக்கீரிகளில் கருவுற்ற பெண் கீரிகளிடம் இந்தச் சேதம் குறைவாகவே இருந்தது. கருவைக் காக்க உடல் அந்த நாள்களுக்கு மட்டும் கவசம் பூண்டுகொள்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது, கவசத்துக்கான செலவு பிறகு எங்கே விழுகிறது என்பது இன்னும் தீராத வழக்கு என்றாலும். மழைக்கு முன் கிளை கழிக்க வருகிறவர்கள் கூட்டைக் கலைத்தால் காக்கை மறுபடி கட்டும், மறுபடி முட்டையிடும். முதல் ஈட்டுக்குச் செலவானது போனதுதான். மின்கம்பியை உரசும் கிளையை வெட்டட்டும், அது உயிர்ப் பிரச்சினை. மற்றக் கிளைகளைக் கழிக்கும் வேலையை ஆடி முடிந்து வைத்துக்கொள்ளலாமே. வடகிழக்குப் பருவமழைக்கு அப்போதும் நாள் இருக்கிறது.