நீலச் சட்டையும் காக்கிச் சட்டையும்

பாரிஸில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் கீழ்பென்னாத்தூர் வந்தபோது தம் தாயாருடன் என்னைக் காண வந்தார். அவர் அணிந்திருந்த தடித்த நீல மேற்சட்டையின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. கழுத்துப் பட்டை நைந்து நூல் தெரிந்தது.

"வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளை, யாரோ உடுத்திக் கழித்ததைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், ஹஜ்ரத்!" என்று தாயார் குறைபட்டுக்கொண்டார்.

மாணவர் சிரித்தபடி விளக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரெஞ்சுத் தொழிலாளர்கள் உடுத்திவந்த வேலைச் சட்டை இது. எண்ணெய்க் கறையும் கரியும் எளிதில் தெரியாதிருக்கவே நீல நிறம். கருவிகள் வைத்துக்கொள்ளப் பெரிய பைகள். வேட்டைக்காரர்களின் சட்டையோ வேறு வகை. பிடித்த முயலையும் பறவையையும் போட்டுக்கொள்ள முதுகுப்புறம் ஒரு பை. பொத்தான்களில் மான், காட்டுப்பன்றி உருவங்கள். இன்று பாரிஸ், லண்டன், டோக்கியோ நகரங்களில் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். நியூயார்க் புகைப்படக் கலைஞர் பில் கன்னிங்ஹாம், 2016இல் மறையும்வரை இத்தகைய நீலச் சட்டையையே விரும்பி அணிந்தார்.

இதில் அப்படி என்ன கவர்ச்சி? நெருக்கமான நெசவு, பல்லாண்டு உழைக்கும் உறுதி. அதைவிட, உடுத்தியவனின் கை எங்கே மடங்கியது, தோள் எங்கே சுமை தாங்கியது என்பதை வெளுப்பே காட்டிவிடும். புதுத் துணியை வேண்டுமென்றே வெளுக்கச் செய்து விற்பவர்களும் இந்த அழகைத்தான் நகல் எடுக்கிறார்கள்.

அந்த நீலம் நமக்கும் அந்நியமன்று. அவுரிச் செடியிலிருந்து நீலம் எடுத்த பூமி நம்முடையது. நமக்குக் கிழக்கேயுள்ள செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களுடைய புதுச்சேரியிலிருந்து 'கினே' எனப்பட்ட நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. செனகல் ஆற்றங்கரையில் மூர் இன முஸ்லிம்கள் பிசினைக் கொடுத்து அதனைப் பெற்றனர். அங்கே அது நாணயம் போலவே புழங்கியது. பின்னர் புதுச்சேரியில் பஞ்சாலைகள் எழுந்தன. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் பன்னிருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவரின் முகம் வாடியது.

"அத்தா நெல் அரைவை ஆலையில் வேலை பார்த்தார்கள், ஹஜ்ரத். தவிடு படிந்த காக்கிச் சட்டையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள். நண்பர்கள் பார்த்துவிடுவார்களே என்று நான் தெரியாதவன்போல் நடந்துவிடுவேன். மௌத்தான பின் அந்தச் சட்டையைச் சைக்கிள் துடைக்க எடுத்துக்கொண்டேன். இப்போது யாரோ ஒருவருடைய அத்தாவின் சட்டையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்."

தாயார் எதுவும் சொல்லவில்லை. முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, மகனின் முழங்கை ஒட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். ஆயினும், ஒட்டுப் போட்ட சட்டையோடு வாசலில் நிற்கும் தந்தையை அடையாளம் கண்டுகொள்ளக் கற்பித்தேனா என்று அன்றிரவு யோசித்தேன்.

உங்கள் வீட்டுக் கொடியிலும் அப்படியொரு சட்டை காயக்கூடும். அதை உடுத்துபவர் இருக்கும்போதே, பிள்ளைகளை அழைத்து அதன் கதையைச் சொல்லுங்கள்.