அதிரசம் யார் சுடுவது?

எங்கள் புதுச்சேரியில் பல வீடுகளில் தீபாவளியோடு கேதார கௌரி நோன்பும் சேர்ந்தே வரும். நோன்புக்கு 21 அதிரசம் வைத்துப் படைக்க வேண்டும். "முறுக்கு, லட்டு கடையில் வாங்கலாம், நோன்பு அதிரசம் மட்டும் வீட்டில்தான் சுட வேண்டும்" என்று வருடா வருடம் சட்டம் பேசியவன் நான்.

சென்ற வருடம் என் துணைவிக்குத் தோள்பட்டை வலி. கையைத் தூக்க முடியவில்லை. மகள் பெங்களூரிலிருந்து போனில், "அப்பா, இந்த வருஷம் கடையிலயே வாங்கிடுங்க" என்றாள். நான் என் சட்டத்தை எடுத்தேன். பக்கத்தில் இருந்த துணைவி, "அப்போ நீங்க சுடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். பண்டிகை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது அதிரசத்துக்குப் பிரெஞ்சில் வார்த்தை தெரியாமல் 'கத்தோ' என்று எழுதி ஒப்பேற்றினேன். "அதை எப்படிச் செய்வார்கள்?" என்று ஆசிரியர் கேட்டார். "அம்மா செய்வாங்க" என்றேன். அறுபது வருடம் கழித்தும் என்னிடம் இருந்தது அதே பதில்தான். அம்மா போய் மனைவி வந்திருந்தாள்.

சரி என்று இறங்கினேன். பெரிய மார்க்கெட்டில் ஒரு கிலோ மாவுப் பச்சரிசியும் முக்கால் கிலோ பாகு வெல்லமும் வாங்கி வந்தேன். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பினேன். தொட்டால் கையில் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலித்தேன். ஆபீஸ் பழக்கத்தில் எல்லாவற்றையும் நோட்டில் நேரம் போட்டுக் குறித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"பாகை எத்தனை நிமிஷம் காய்ச்சணும்?" என்றேன்.

"நிமிஷமெல்லாம் கிடையாதுங்க. தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாருங்க. உருளணும், ஆனா கல்லு மாதிரி ஆகக் கூடாது."

நான் அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கிவிட்டேன். ஏலக்காய், சுக்குப் பொடி சேர்த்து, மாவைக் கொட்டிக் கிளறி, நெய் தடவி இரண்டு நாள் மூடி வைத்தேன். முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து போயிற்று. அடுத்ததும் அப்படியே. "பாகு இளசு. எடுத்து வெச்ச மாவுல ஒரு பிடி போட்டுப் பிசையுங்க" என்றாள். ஒரு பிடி மாவை அவள் முன்யோசனையாகத் தனியே எடுத்துவைக்கச் சொன்னது அதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அப்புறம் வாழை இலையில் தட்டி, மிதமான தீயில் சுட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே எண்ணெயைப் பிழிந்தேன். நிற்க முடியாமல் இடுப்பு கடுத்தது. அவள் இத்தனை வருடம் விரதமிருந்த வயிற்றோடு இதைச் செய்தாள்.

உறவினர் ஒருவர், "நோன்புப் பலகாரத்தை ஆம்பளை சுடலாமா?" என்றார். "கோயில் மடப்பள்ளியில யாருங்க சமைக்கிறாங்க?" என்று என் துணைவி கேட்டதும் பேச்சு அடங்கியது. நோன்புக் கதையையும் நினைத்துப் பாருங்கள். கௌரி விரதமிருந்து ஈசனின் உடம்பில் பாதி பெற்றாள் என்பதுதானே கதை? உடம்பிலேயே பாதி கொடுத்தவரைக் கும்பிடுகிற நாம் அடுப்படியில் பாதி நேரமாவது நிற்கக் கூடாதா?

கடையில் வாங்குவது குற்றம் என்று இனி சொல்ல மாட்டேன். முடியாதவர்கள் வாங்கட்டும். ஆனால் "அந்தக் காலப் பலகாரம் போச்சே, இந்தக் காலப் பெண்களுக்குப் பொறுமை இல்லை" என்று புலம்பும் என் வயது ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பென்ஷன் வாங்கும் நமக்கு நேரத்துக்கு என்ன குறை? பாகுப் பதம் எந்த நோட்டிலும் ஏறாது. தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே விரலில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த நோன்புக்கு 21 தேறியது. நாலைந்து கொஞ்சம் கருகல்தான். அவள் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "அடுத்த வருஷம் பாகை இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றாள். நோட்டில் குறித்துக்கொண்டேன்.