ஹோரஸின் கண்ணும் நம் குழந்தையின் கழுத்தும்

பண்டைய எகிப்தியர் வணங்கிய ஹோரஸின் கண்ணைச் சேத் சிதைத்தான், தோத் அதைக் குணமாக்கினான் என்பது அவர்களின் புராணம். அக்கண்ணை 'முழுமையுற்றது' எனும் பொருளில் 'வெஜாத்' என்றழைத்தனர். பொன்னிலும் நீலக் கல்லிலும் வடித்து, உயிருள்ளோருக்கும் இறந்தோருக்கும் காவலாக அணிவித்தனர். மன்னன் துத்தன்காமுனின் உடலிலும் அது இருந்தது. ஆயினும் 1922இல் அவனது கல்லறை கண்டறியப்பட்டபோது, பழங்காலத்திலேயே திருடர்கள் உள்ளே புகுந்திருந்தது தெரியவந்தது.

இன்று அதே கண் கெய்ரோவின் கான் அல்கலீலி கடைவீதியில் விற்பனைக்குக் கிடைக்கிறது. பயணம் சென்று வந்த உறவினர் அன்போடு தரும்போது, மறுக்க மனமின்றிக் குழந்தையின் கழுத்தில் அணிவித்துவிடுகிறோம். அழகுக்காகத்தானே என்கிறோம், கழற்றச் சொன்னாலோ உள்ளம் அஞ்சுகிறது. அந்த அச்சத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

கண்ணேறு உண்மை என்றே நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஆனால், அதற்கெனத் தாயத்து தொங்கவிடுவதைக் கண்டித்தார்கள். தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் அல்லாஹ்விடமே பாதுகாப்புத் தேடினார்கள்.

பெற்றோரின் கவலை குற்றமன்று. அதை எவரிடம் ஒப்படைக்கிறோம் என்பதே கேள்வி. இன்றிரவு அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதிப் பிள்ளைகளை உறங்கச் செய்வோமாக.