‘மென்மையா’ செஞ்சா மட்டும் போதுமா? பச்சிளம் குழந்தைகளுக்கு கைரோபிராக்டிக்: ஆஸ்திரேலியா தரும் பாடம்

பிறந்து இரண்டே வாரமான குழந்தை. கணுக்காலைப் பிடித்து அதைத் தலைகீழாகத் தூக்குகிறார் ஒரு கைரோபிராக்டர். பிறகு ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவி ஒன்றை அதன் முதுகில் வைத்து ‘டக்... டக்’ என அழுத்துகிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2018-ல் எடுக்கப்பட்ட இந்த வீடியோ, 2019 தொடக்கத்தில் வைரலானபோது அந்த நாடே கொந்தளித்தது.

அதன் பிறகு நடந்தவை இன்னும் முக்கியமானவை. முதலில் தடை, பிறகு ஆய்வு, பிறகு சத்தமில்லாமல் தடை நீக்கம், மறுபடியும் தடை. ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா, இல்லையா என்ற எளிய கேள்விக்கு ஏன் இத்தனை குழப்பம்?

கர்ப்பிணிகள் மேசையில் படுத்திருக்க இடுப்பைத் தடவி விடும் ரீல்ஸ், பிறந்த குழந்தையின் கழுத்தில் விரல் நுனியை வைத்து அழுத்தும் வீடியோ எல்லாம் இப்போது நம் ஃபோனிலும் வந்து விழுகின்றன. அவற்றில் தவறாமல் வரும் வார்த்தை, ‘ஜென்டில்’. மென்மையானது, இயற்கையானது, மருந்தே இல்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது உண்மையில் எதற்கான பதில்?

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில், 1895-ல் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கி வைத்த முறை இது. முதுகெலும்பின் கண்ணிகள் சற்றே இடம் பிசகினால் நரம்புகளின் வேலை கெடும், அதனால்தான் நோய் வருகிறது, கையால் அதைச் சரி செய்தால் உடல் தானே குணமாகும் என்பது அவருடைய நம்பிக்கை. இந்தப் ‘பிசகு’தான் நோய்களுக்குக் காரணம் என்பதை அறிவியல் இதுவரை உறுதி செய்யவில்லை.

இன்றைய கைரோபிராக்டர்கள் எல்லோரும் பால்மர் சொன்னதை அப்படியே நம்புபவர்கள் அல்ல. முதுகுவலி, கழுத்துவலிக்கு மட்டும் சிகிச்சை தருபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பெரியவர்களின் நீண்ட நாள் இடுப்பு வலிக்கு இந்தக் கைமுறை சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற மற்ற பரிந்துரைகளுக்கு ஏறக்குறைய இணையான பலனைத் தருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் இது பல்கலைக்கழகத்தில் படித்து, அரசிடம் பதிவு செய்துகொண்டு செய்யும் தொழில்.

குழந்தைகளிடம் அவர்கள் எலும்பைச் சொடுக்குவதில்லை என்பதும் உண்மை. ‘தக்காளி பழுத்திருக்கா என்று அழுத்திப் பார்க்கும் அளவுக்குத்தான் அழுத்துவோம்’ என்பது அவர்கள் வழக்கமாகத் தரும் விளக்கம்.

தடை, நீக்கம், மீண்டும் தடை

வீடியோ சர்ச்சைக்குப் பிறகு, 2019 மார்ச்சில் ஆஸ்திரேலிய கைரோபிராக்டிக் வாரியம் இடைக்கால உத்தரவு ஒன்றைப் போட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பு சிகிச்சை செய்யக்கூடாது என்றது அந்த உத்தரவு. விக்டோரியா மாநில அரசு, சேஃபர் கேர் விக்டோரியா என்ற தன் அமைப்பு மூலம் தனி ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது.

ஆய்வின் முடிவு இரு தரப்புக்கும் கசந்தது. குழந்தைகளுக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதாக ஆஸ்திரேலியாவில் புகார் எதுவும் பதிவாகவில்லை. பயந்த அளவுக்கு ஆபத்து தெரியவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். ஆனால் பலன் இருக்கிறது என்பதற்கும் வலுவான சான்று கிடைக்கவில்லை. கோலிக் அழுகை, காதுத் தொற்று, ஆஸ்துமா, படுக்கையில் சிறுநீர் கழித்தல், ஆட்டிசம் என ஒரு நீண்ட பட்டியலைக் குறிப்பிட்டு, இவற்றுக்காக 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையை யாருமே செய்யக்கூடாது என்று ஆய்வுக் குழு பரிந்துரைத்தது.

இருந்தும் 2023 இறுதியில் வாரியம் தன் உத்தரவைத் தளர்த்தியது. அது 2024-ல் செய்தியானதும் சுகாதார அமைச்சர்கள் விளக்கம் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் தடை மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய சான்று ஏதும் குவிந்துவிடவில்லை. தளர்த்தியதற்கும் மீண்டும் இறுக்கியதற்கும் நடுவில் மாறியது வெளிச்சம் மட்டும்தான். குழந்தைகளின் பாதுகாப்பு விதி, செய்தியில் வந்தால் ஒரு மாதிரி, வராவிட்டால் வேறு மாதிரி இருக்கக்கூடாது.

அப்போ, பெற்றோர்கள் சொல்றது பொய்யா?

இல்லை. விக்டோரியா ஆய்வுக்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர்கள் கருத்து அனுப்பினார்கள். ஏறக்குறைய எல்லோருமே ‘எங்க குழந்தைக்கு நல்லாச்சு’ என்றுதான் சொன்னார்கள். இத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பார்த்தது நிஜம். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணத்தில்தான் சிக்கல்.

கோலிக் என்பது ஆரோக்கியமான குழந்தை காரணமே தெரியாமல் மணிக்கணக்கில் அழுவது. பால் குடிக்கும், எடை கூடும், ஆனால் சாயங்காலம் ஆனால் அலற ஆரம்பித்துவிடும். பிறந்த சில வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் மூன்று, நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் எப்போது சிகிச்சை தேடிப் போவார்கள்? அழுகை உச்சத்தில் இருக்கும்போது. அதாவது, இனி குறையப்போகும் நேரத்தில். அந்த வாரத்தில் கைரோபிராக்டரிடம் போனாலும், கிரைப் வாட்டர் கொடுத்தாலும், பாட்டி மந்திரித்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்தடுத்த வாரங்களில் அழுகை குறையும். கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பெயர் போய்ச் சேரும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, பெற்றோருக்குத் தெரியாமல் சோதிப்பது. நார்வேயில் அப்படி ஒரு ஆய்வு நடந்து 2001-ல் வெளியானது. 86 குழந்தைகள். ஒரு பாதிக்கு கைரோபிராக்டிக் சிகிச்சை. மறு பாதியை ஒரு செவிலியர் பத்து நிமிடம் கையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவு? சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தேறினார்கள். சும்மா கையில் வைத்திருந்ததில் 60 சதவீதம் பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

டென்மார்க்கில் 185 குழந்தைகளை வைத்து நடந்து 2021-ல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். சிகிச்சை பெற்ற குழந்தைகளின் அழுகை நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் குறைந்தது. பெறாத குழந்தைகளுக்கும் ஒரு மணி நேரம் குறைந்தது. மீதமுள்ள அரை மணி நேரம் சிகிச்சையால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கர்ப்பிணிகளுக்கு?

இங்கே கேள்வி கொஞ்சம் வேறு. கர்ப்ப காலத்தில் இடுப்பு வலி கற்பனை இல்லை. பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு அது வருகிறது. வயிறு பெரிதாக ஆக உடலின் எடை முன்பக்கம் சாய்கிறது, ஹார்மோன் மாற்றத்தால் இடுப்பைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. ஆனால் மருத்துவமனையில் பல பெண்களுக்குக் கிடைக்கும் பதில், ‘எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்பதுதான். வலிக்குது என்று சொல்பவரிடம் ‘பொறுத்துக்கோ’ என்றால், அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்பவரைத் தேடி அவர் போகத்தான் செய்வார்.

வலியைக் குறைக்கும் முயற்சியாக, மகப்பேறு மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, பயிற்சி பெற்றவரிடம் போவது ஒரு விஷயம். இருந்தாலும், கர்ப்ப கால உடற்பயிற்சிக்கும் பிசியோதெரபிக்கும் அதைவிடக் கூடுதல் ஆய்வு ஆதரவு இருக்கிறது. ‘பிரசவம் சுலபமாகும்’, ‘தலை திரும்பாத குழந்தை திரும்பிவிடும்’ என்று வாக்குறுதி கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம்.

தலை திரும்பாத குழந்தைக்கு வெப்ஸ்டர் டெக்னிக் என்ற இடுப்பு சிகிச்சை பெரிதாகப் பேசப்படுகிறது. கோலிக் கணக்கு இங்கேயும் பொருந்தும். 28-வது வாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு குழந்தை தலை மேலாக இருக்கும். நிறைமாதத்தில் அது நூற்றுக்கு மூன்று, நான்காகக் குறைந்துவிடும். அதாவது, பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்பிக்கொள்கின்றன. 30-வது வாரத்தில் சிகிச்சை எடுத்து 34-வது வாரத்தில் குழந்தை திரும்பினால், யார் திருப்பியது? கடைசி வாரங்களிலும் திரும்பாவிட்டால், மருத்துவமனையில் ஸ்கேன் வசதியோடு வயிற்றின் வெளியிலிருந்து குழந்தையைத் திருப்பும் முறை ஒன்று உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பலிக்கிறது.

கேட்கவேண்டிய கேள்வி எது?

2008-ல் பிரிட்டனில் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், கார்டியன் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளின் கோலிக், காதுத் தொற்று, ஆஸ்துமா போன்றவற்றை கைரோபிராக்டிக் சரி செய்யும் என்ற பேச்சுக்குச் சான்று இல்லை என்றார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டது. இரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைந்தார் சிங். 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றதும் சங்கம் வழக்கை வாபஸ் வாங்கியது. அந்த நாட்டின் அவதூறுச் சட்டம் 2013-ல் திருத்தப்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

‘சான்று எங்கே?’ என்று கேட்டவருக்கு ஆய்வறிக்கையைக் காட்டுவதை விட்டுவிட்டு கோர்ட் நோட்டீஸ் அனுப்பினார்கள். இன்று அதே கேள்விக்கு ‘இது ரொம்ப ஜென்டில்’ என்ற பதில் வருகிறது. மென்மை என்பது பாதுகாப்பைப் பற்றிய பேச்சு. பலனைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. தக்காளியை அழுத்தும் அளவுக்குத்தான் அழுத்தம் என்றால் ஆபத்து குறைவாக இருக்கலாம். அந்த அளவு அழுத்தம் எதைச் சரி செய்கிறது என்பதைச் சொல்லவேண்டிய கடமை அதைச் செய்பவருக்குத்தான் உண்டு, பெற்றோருக்கு இல்லை.

பெரிய ஆபத்து அழுத்தும் விரலில் இல்லாமல், வீணாகும் நாட்களில் இருக்கலாம். எல்லா அழுகையும் கோலிக் இல்லை. தொற்று, குடல் அடைப்பு, குடலிறக்கம் எதுவானாலும் பச்சிளம் குழந்தை அழுதுதான் சொல்லும். ‘முதுகெலும்புதான் பிரச்சினை, நாலு சிட்டிங் வாங்க’ என்று யாராவது சொன்னால், உண்மையான காரணம் அந்த நாலு சிட்டிங் முடியும் வரை காத்திருக்காது.

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. குழந்தை விடாமல் அழுதால் ‘உரம் விழுந்திருக்கு’ என்பார்கள். புடவையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது எல்லாம் உண்டு. குழந்தை நல மருத்துவர்கள் வேண்டாம் என்று எச்சரிக்கும் பழக்கம் அது. மெல்போர்ன் கிளினிக்கில் நடந்ததும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டி செய்தால் மூடநம்பிக்கை, கோட் போட்டவர் செய்தால் தெரபி என்று இருக்க முடியாது.

என்ன செய்யலாம்?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல், தொடை இடுக்கில் வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இடுப்பு வலியோடு ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டு விட்டு வரும் வலி, காலில் மரத்துப்போதல், கடுமையான தலைவலி, காய்ச்சல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மகப்பேறு மருத்துவரை.

மருத்துவர் பார்த்து ‘கோலிக்தான்’ என்று சொல்லிவிட்டால், மிச்சமுள்ள சிகிச்சை காலம்தான். தோளில் போட்டு நடப்பது, பால் கொடுத்ததும் ஏப்பம் எடுக்க வைப்பது, சத்தமும் வெளிச்சமும் குறைந்த இடத்தில் வைத்திருப்பது கொஞ்சம் உதவும். அழுகை தாங்க முடியாமல் கோபம் வந்தால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் வெளியே போய் நிற்பதில் தப்பே இல்லை. எந்த நிலையிலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது.

மருத்துவமனைகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ‘தானா சரியாயிடும்’ என்று ஒரே வரியில் அனுப்பிவிடாமல், எந்த வாரத்தில் உச்சம், எப்போது குறையும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் விளக்கினால் போதும். தூக்கமில்லாமல் தவிக்கும் அம்மாவும் அப்பாவும் தேடி ஓடுவது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான். அது மருத்துவமனையிலேயே கிடைத்தால், இரண்டு வாரக் குழந்தையைத் தலைகீழாகத் தூக்குபவரிடம் யாரும் போகமாட்டார்கள்.