தெருமுனைச் சிவப்புப் பெட்டி இன்னும் தேவை

தெருமுனைத் தீ அறிவிப்புப் பெட்டி என்பது, தீயைக் கண்டவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் அனுப்ப உதவும் கருவி. தூணிலோ சுவரிலோ பொருத்திய சிவப்பு இரும்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்துக் கைப்பிடியை இழுத்தால் போதும். உள்ளே இருக்கும் சுருள்வில் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். அதன் பற்கள் அந்தப் பெட்டியின் எண்ணுக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. சக்கரம் சுற்றும்போது தந்திக் கம்பியில் ஓடும் மின்சாரம் அந்தக் கணக்கில் விட்டுவிட்டு அறுபடும். நிலையத்தில் மணியும் அதே கணக்கில் அடிக்கும். மணியை எண்ணினால் எந்தப் பெட்டி என்று தெரியும். பெட்டி தெரிந்துவிட்டால் எந்தத் தெரு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மருத்துவர் வில்லியம் சானிங்கும் பொறியாளர் மோசஸ் ஃபார்மரும் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1852இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செயல்பாட்டுக்கு வந்தது. தொலைபேசிக்குக் காப்புரிமை கிடைக்கவே அதற்குப் பிறகு 24 ஆண்டுகள் ஆயின. பாஸ்டனும் சான் பிரான்சிஸ்கோவும் நியூயார்க்கும் இந்தப் பெட்டிகளை இந்த நூற்றாண்டுக்குள்ளும் கொண்டுவந்தன. அவற்றை வைத்துக்கொள்வதா கழற்றிவிடுவதா என்ற விவாதம் அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு விவாதமே நடக்கவில்லை. இங்கே பெட்டிகள் யாரும் கவனிக்காமலே செத்துப்போயின.

இந்தியாவில் பெட்டிகளே இருந்ததில்லை என்று நினைப்பது தவறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தீயணைப்புப் படைக்குத் தலைமை வகித்த பெர்னார்ட் ஆன்சன் வெஸ்ட்புரூக்கின் முயற்சியால் அந்நகரத் தெருக்களில் இவை நடப்பட்டன. கண்ணாடியை உடைத்துக் கைப்பிடியைத் திருப்பினால் தலைமை நிலையத்தில் தகவல் தெரியும். தொலைபேசி பரவியதும் அவற்றைப் பார்த்துக்கொள்வார் இல்லை. ஒன்றிரண்டு சிவப்புத் தூண்கள் மட்டும், எதற்காக நிற்கிறோம் என்று சொல்ல ஆளில்லாமல், நடைபாதையில் நின்றன. பம்பாயிலும் இதே கதைதான்.

பெட்டியின் பலம், பலவீனம் இரண்டையும் ஒரே நாளில் காட்டிய நிகழ்வு பம்பாயில் நடந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பிற்பகல் 2 மணி அளவில் பஞ்சில் தீப்பிடித்தது கண்டறியப்பட்டது. கரையில் பம்புடன் நின்ற தீயணைப்பு வீரர்களில் ஒருவர், இது சாதாரணத் தீ அல்ல என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல அனுப்பப்பட்டார். அவர் எடுத்த தொலைபேசியில் எண் சுழற்றும் வட்டே இல்லை. மறுமுனையில் பதிலும் உடனே வரவில்லை. அவர் பக்கத்திலிருந்த தீ அறிவிப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார் என்று அந்த விபத்தை ஆராய்ந்து எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தகவல் போனது, வண்டிகளும் வந்தன. ஆனால் வழக்கமான அழைப்புக்கு வருவதைப்போல் இரண்டு பம்புகள்தான் முதலில் வந்தன. எரிவது வெடிமருந்துக் கப்பல் என்று பெட்டிக்குச் சொல்லத் தெரியாது. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் தமிழ்நாட்டுத் தீயணைப்பு நிலையங்களில் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. துண்டறிக்கை கொடுக்கிறார்கள், பள்ளிகளில் ஒத்திகை காட்டுகிறார்கள். அந்த உடைந்த கண்ணாடியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

தொலைபேசி கைவிட்ட இடத்தில் பெட்டி கைகொடுத்தது என்பது அன்றைய முதற்பாடம். எங்கே என்பதைச் சொன்ன பெட்டியால் என்ன என்பதைச் சொல்ல முடியவில்லை என்பது இரண்டாவது. பெட்டி மட்டும் போதும் என்றோ, போன் மட்டும் போதும் என்றோ வாதிடுவோர் இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

பெட்டி வேண்டாம் என்போரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நியூயார்க்கில் சுமார் 15,000 பெட்டிகள் இருந்தன. அவற்றிலிருந்து வந்த அழைப்புகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் பொய்யானவை என்று நகர நிர்வாகம் கணக்குக் காட்டியது. விளையாட்டுக்குக் கைப்பிடியை இழுத்த சிறுவனுக்காக ஒரு வண்டி சைரன் போட்டுக்கொண்டு கிளம்பினால், உண்மையில் எரியும் வீட்டுக்கு அந்த வண்டி கிடைக்காது. பராமரிப்புச் செலவும் உண்டு. மண்ணுக்கடியில் செம்புக் கம்பி, துருப்பிடிக்கும் பெட்டி, பழைய இயந்திரம் தெரிந்த ஆள் என்று பட்டியல் நீளும். நம் ஊரில் செம்புக் கம்பி எத்தனை நாள் மண்ணுக்கடியில் தங்கும் என்பது தனிக் கேள்வி. சுங்கச்சாவடி உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக நட்ட அவசர அழைப்புக் கம்பங்களின் கதியைப் பார்த்தவர்கள் புதிதாக ஒரு பெட்டியை எளிதில் நம்பமாட்டார்கள். எடுத்தால் சத்தம் வராத கம்பத்தைவிடக் கம்பமே இல்லாதது மேல். உதவி வருகிறது என்ற பொய் நம்பிக்கையையாவது அது தராது.

ஆனால் நியூயார்க் கதை அதோடு முடியவில்லை. 1990களில் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் பெட்டிகளைக் கழற்ற முனைந்தபோது, காது கேளாதோர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. போனில் பேச முடியாத ஒருவர் தெருவில் நின்று தீயைப் பார்த்தால் என்ன செய்வார் என்பதே அவர்களின் கேள்வி. நகரத்திடம் அதற்கு ஈடான மாற்று இல்லை. 1996இல் நீதிபதி ராபர்ட் ஸ்வீட், பெட்டிகளை அகற்றுவது மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். 2011இல் நகரம் மறுபடி கேட்டபோதும் அதே நீதிபதி தடையை நீக்க மறுத்தார். பெட்டியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதே இந்தத் தீர்ப்பின் சாரம். இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 112 எண்ணுக்குச் செயலி இருக்கிறது என்று பதில் வரும். செயலி வேலை செய்ய நல்ல செல்பேசி, சார்ஜ், சிக்னல், முன்கூட்டியே தரவிறக்கிய கவனம் எல்லாம் வேண்டும்.

பேச முடியாதவர் என்பதற்கு இன்னொரு பொருளும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வாடகை அறைகளில் தங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் நள்ளிரவில் 101க்கு அழைத்தால், தான் இருக்கும் தெருவின் பெயரை எந்த மொழியில், யாருக்குப் புரியும்படி சொல்வார்? தமிழ் தெரிந்தவருக்கே இது லேசில்லை. "மாரியம்மன் கோயில் பக்கத்துல, டேங்க் தாண்டி" என்பதுதான் நம் முகவரி. மாரியம்மன் கோயிலும் டேங்கும் இல்லாத ஊர் எது? பதற்றத்தில் ஊர்ப்பெயரைக்கூடப் பாதிதான் சொல்வார்கள். பெட்டிக்கு மொழி இல்லை, முகவரி குழப்பமும் இல்லை. அது நட்ட இடத்தில்தான் நிற்கும்.

செல்பேசி எல்லோர் கையிலும் இருப்பதால் தகவல் தானாகப் போய்விடும் என்பதும் மெய்யல்ல. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் தகுரியா பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் புகை சூழ்ந்து 90 பேர் அளவில் இறந்தனர். புகையைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தினரைக் காவலாளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்றும், தீயணைப்புத் துறைக்குத் தகவல் மிகத் தாமதமாகப் போனது என்றும் அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு சிவப்புத் தூண் வைத்திருந்த நகரம் அது. வாசலுக்கு வெளியே, நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படாத ஒரு பொதுப் பெட்டி இருந்திருந்தால் அத்தனை உயிரும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தீயை மறைக்க நினைப்பவரின் விருப்பத்துக்கு வெளியே தகவல் போக ஒரு வழி இருந்திருக்கும். இன்று வணிக வளாகங்களிலும் திரையரங்குகளிலும் சிவப்புக் கண்ணாடிப் பெட்டி கட்டாயம் இருக்கிறது. அதை உடைத்தால் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் மணிதான் அடிக்கும், நிலையத்தின் மணி அடிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் செல்பேசிச் சேவை முடங்கியதை அனுபவித்த மக்களுக்கு, ஒரே வழியை மட்டும் நம்புவதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

சொல்லப்போனால், பெட்டி வேறு பெயரில் தமிழ்நாட்டுக்குத் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. 2022இல் சென்னை மாநகரப் பேருந்துகளில் ஆபத்துப் பொத்தான்கள் பொருத்தப்பட்டன. 2025இல் சென்னை காவல்துறை, பொது இடங்களில் சிவப்புப் பொத்தானுடன் கேமரா பொருத்திய கருவிகளை 200 இடங்களில் நிறுவும் திட்டத்தை அறிவித்தது. அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையுடன் பேசலாம். அங்கிருப்பவர் இடத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். பழைய பெட்டிமேல் சொன்ன இரண்டு குற்றமும் இதில் அடிபட்டுப் போகின்றன. பொய்யாக அழுத்துபவனின் முகம் பதிவாகும். என்ன எரிகிறது என்று சொல்லத் தெரியாத ஊமைத்தனமும் இல்லை. ஆனால் இவை பெண்கள் பாதுகாப்பை மனதில் வைத்து, காவல்துறைக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒரே கம்பத்தில் தீயணைப்புக்கும் ஒரு பொத்தான் வைக்கப் புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டாம். இரண்டு துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். அதுதான் கடினம் என்பது வேறு விஷயம்.

நகரத்துக்குச் சொல்வதை அப்படியே கிராமத்துக்குப் பொருத்த முடியாது. உத்திரமேரூர் வட்டத்துப் பெருநகர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர். அங்கே தீப்பிடித்தால் வண்டி உத்திரமேரூரிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ பல கிலோமீட்டர் ஓடி வரவேண்டும். கூரை வீடும் வைக்கோல் போரும் அதுவரை காத்திருக்காது. கீற்றுக்கூரை எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணம் காட்டியது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. அது நிறைவேறும் வரை கூரைகள் இருக்கும். ஆகவே கிராமத்தில் வைக்கும் பெட்டி இரண்டு வேலை செய்யவேண்டும். அழுத்தியவுடன் ஊருக்குள் பலத்த ஒலி எழுப்பி ஆட்களைக் கூட்டவேண்டும். அதே நொடியில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு இடத்தைச் சொல்லவேண்டும். முதல் வேலையை ஒரு காலத்தில் கோயில் மணி செய்தது. பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் திறக்கவும், மோட்டார் போடவும், பக்கத்துக் கூரையைப் பிரித்துப்போடவும் அந்த முதற் சில நிமிடங்களில் ஊராரால்தான் முடியும்.

திருவிழா நாட்களில் தேவை இன்னும் கூடும். தைப்பூசத்தன்று பெருநகர் அருகே செய்யாற்றில் சுற்றுவட்டாரத்து ஊர்களின் சாமிகள் வந்து கூடுகின்றன. சாமிகளோடு சனமும் சேரும். கற்பூரம், பந்தல், அன்னதான அடுப்பு, வாணம், மின்விளக்குக்கு இழுத்த தற்காலிக ஒயர் எல்லாம் ஒரே மணலில். அத்தனை பேர் ஒரே நேரத்தில் போன் பேசும் இடத்தில் சிக்னல் திணறுவதை விழாவுக்குப் போனவர்கள் அறிவார்கள். அந்த மாதிரி இடங்களில் நிரந்தரத் தூண்கூட வேண்டாம், விழா முடியும்வரை நிற்கும் வயர்லெஸ் பொத்தான் போதும்.

பெட்டி இருக்கும் நகரங்கள் அதைக் கழற்றக் கூடாது. இல்லாத நகரங்கள் எல்லாத் தெருவிலும் நடவும் வேண்டாம். தி.நகர் ரங்கநாதன் தெரு போன்ற நெரிசல் கடைவீதிகள், பட்டாசுக் கடைகள் கூடும் திடல்கள், பெரிய மருத்துவமனைகளின் வெளிவாசல், கோயில் வீதிகள், வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவை முதலில் வரட்டும். ஒவ்வொரு பெட்டியையும் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, பார்த்த தேதியைப் பெட்டிமேலேயே எழுதவேண்டும். சோதிக்க ஆள் ஒதுக்காத பெட்டிக்குப் பணமும் ஒதுக்கக் கூடாது. சென்னையின் சிவப்புப் பொத்தான்களைத் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையோடு இணைக்க அரசு உடனே உத்தரவிடட்டும். கிராமத்து ஏற்பாட்டை, வண்டி வந்துசேர அதிக நேரமாகும் பெருநகர் போன்ற எல்லை ஊர்களிலிருந்து தொடங்கட்டும். அடுத்த தைப்பூசத்துக்கு முன் செய்யாற்றங்கரையில் ஒரு பொத்தானை நட்டு ஒத்திகை பார்ப்பது காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்தால் முடியாத காரியமல்ல.