எது உயர்ந்தது என்னும் கேள்வி

நமது கூட்டங்களில் கேள்வி கேட்பதற்கென்று நேரம் விடுவது வழக்கம். அந்நேரத்தில் வாலிபர்கள் விஞ்ஞான விஷயமாகக் கேட்கத் தலைப்பட்டிருப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, "பட்டு உயர்ந்ததா, நைலான் உயர்ந்ததா?", "பருத்தி மேலா, பாலியெஸ்டர் மேலா?" என்கின்ற மாதிரியிலேயே இருக்கின்றன. இதைக் கேள்வி என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஏனெனில் எந்தக் காரியத்துக்கு, எந்த அளவுகோலால் என்பது அதில் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் பதில் சொல்லுகிறவனுடைய ஆசையும் ஆணவமுமே பதிலாக வந்து சேரும்.

மேற்சொன்ன நான்கும் பாலிமர்களே. அதாவது சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சங்கிலிக் கண்ணிகள்போல் பூட்டப்பட்டவை. 1920-ல் ஜெர்மானிய ரசாயனி ஸ்டாடிங்கர் இவ்விதம் சொன்னபோது பெரிய பண்டிதர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். அவர் சாஸ்திரத்தைக் காட்டவில்லை, சோதனையைக் காட்டினார். 1953-ல் நோபல் பரிசும் பெற்றார்.

சரியான கேள்வி எப்படியிருக்கும்? "ஒரே வெப்பத்தில், ஒரே ஈரக் காற்றில் வைத்தால் எந்த நூல் அதிக ஈரத்தை வாங்கும்?" என்று கேட்கட்டும். சாதாரணச் சோதனை நிலையில் 100 பங்கு உலர்ந்த பருத்தி சுமார் 8 பங்கு ஈரம் வாங்கும். நைலான் சுமார் 4. பாலியெஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. ஆகவே வெயிலில் உழைப்பவன் சட்டைக்குப் பருத்தி நல்லது. தண்ணீரிலேயே கிடந்தும் மக்காதிருக்க வேண்டிய மீன்வலைக்கு நைலான் நல்லது. இதில் உயர்வு எங்கே, தாழ்வு எங்கே?

இன்னும் நல்ல கேள்வி, "ஏன்?" என்பதாகும். அரிசியிலுள்ள மாவுச்சத்தும், பருத்தியிலுள்ள செல்லுலோசும் குளுகோஸ் என்னும் ஒரே கண்ணியால் ஆனவை. பூட்டிய விதம் மாத்திரம் வேறு. முன்னதன் பூட்டை நம் குடல் திறக்கும், பின்னதைத் திறக்காது. அதனால் சோறு பசி தீர்க்கிறது, பஞ்சு தீர்ப்பதில்லை.

நிற்க. நமது வைதீகர்களோ பட்டை "மடி" என்கிறார்கள். துவைத்த பருத்தித் துணியைப் பிற ஜாதியான் தொட்டுவிட்டால் தீட்டு; புழு கக்கிய நூலை, அப்புழுவோடு வெந்நீரில் போட்டு எடுத்தால் சுத்தம்! பட்டிலும் நைலானிலும் கண்ணிக்குக் கண்ணி இருப்பது அமைடு என்னும் ஒரே வகைப் பூட்டுத்தான். இதில் மடி எந்தக் கண்ணியில் இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

துணியோடு போனால் பாதகமில்லை. மனிதனையும் இப்படியேதான் அளந்தார்கள். "எந்த ஜாதி உயர்ந்தது?" என்று கேட்டார்கள், எதில் என்று சொல்லவில்லை. இன்றோ "தகுதி" என்று பேசுகிறார்கள். பல தலைமுறையாய்ப் படித்த வீட்டுப் பிள்ளையையும், கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பிள்ளையையும் ஒரு பரீட்சையில் உட்கார்த்தி, மார்க்கைக் காட்டி, பிறவியிலேயே வித்தியாசம் என்கிறார்கள். நனைந்த நூலையும் காய்ந்த நூலையும் இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிறவனை எந்த ஆலைக்காரனாவது வேலைக்கு வைத்துக்கொள்வானா?

நம் தோழர்களும் இதற்கு விலக்கல்ல. "கிராமத்தான் மேலா, பட்டணத்தான் மேலா?" என்று நம் மேடையிலேயே பேசக் கேட்டிருக்கிறோம்.

ஆகையால் வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: ஒப்பிட்டுக் கேட்குமுன் எதில், எதனால் அளந்து, இருபுறமும் ஒரே நிலைமையிலா என்ற மூன்றையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வரும் பதில் உங்களுக்குப் பிடிக்காததாயிருந்தாலும் ஏற்கத் துணியுங்கள். நூலைப்பற்றி இப்படிக் கேட்கப் பழகியவனிடம், பிறப்பைக் காட்டி ஒருவனும் உயர்வு கேட்க முடியாது.